ஏழாம் படிப் பச்சை

காலை ஐந்தரைக்கு அடுக்ககத்தின் மாடங்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். ராத்திரி வானம் பார்க்க வைத்திருந்த பசுங்கல்லை எடுத்து, மழைநீரில் ஒருமுறை அலசி, நெஞ்சின் நடுவில் வைத்து, மூன்று மூச்சு. பிறகு அன்றைக்கான எண்ணத்தை வாய்க்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். முட்டிவலி குறையட்டும் என்பார் ஒருவர். மருமகளின் கோபம் தணியட்டும் என்பார் இன்னொருவர். சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கையில் கல் லேசாகச் சூடாகும், நிறம் ஒரு படி ஏறும். திருப்பூரில் பல் துலக்குவது போல இதுவும் ஒரு காலை வேலையாகி முப்பது வருடம் ஆகிவிட்டது.

கௌசிகாவும் செய்தாள், ஒன்றையும் விடாமல். பிறகு உள்ளே போய், வெள்ளைத் துணியின் மேல் கல்லை வைத்துக் குனிந்து பார்த்து, நோட்டில் எழுதினாள். நான்கரை. நேற்றும் நான்கரை. நாற்பத்தோரு நாளாக நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் அவள் கல் கிடக்கிறது.

அரசுப் பட்டியலில் அரை கிடையாது. வெளிர் பச்சையிலிருந்து அடர் பச்சை வரை பன்னிரண்டு முழுப் படிகள் மட்டும்தான். கௌசிகாவின் கண்ணுக்கு அரைப்படியும் தெரியும். சாயப்பட்டறை ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக அவள் ஷேடு பார்க்கிறாள். வாடிக்கையாளர் அனுப்பிய துணித் துண்டையும், தாங்கள் நனைத்தெடுத்த துண்டையும் லைட் பாக்ஸில் அருகருகே வைத்து, ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எந்திரம் சரி என்று சொன்ன பிறகும் சந்தேகப்பட ஒரு மனிதக் கண் வேண்டும் என்றுதான் அவளை வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தை வேலை முடிந்ததும் கழற்றிவைக்க அவளுக்குத் தெரியவில்லை.

அவளுடைய அண்ணன் சென்னியப்பன் காங்கேயம் சாலையில் இருக்கும் பசுங்கல் இல்லத்தில் படுத்திருந்தான். கழிவுப் பஞ்சு மில்லில் இருபது வருடம் இருந்ததில் நுரையீரல் இறுகிவிட்டது. நெஞ்சில் பொருத்திய பெரிய பசுங்கல்லின் அதிர்வில் அந்தத் திசு கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாக வளர வேண்டும். ஆனால் கல் தனியாக வேலை செய்வதில்லை. நான்கு மீட்டருக்குள் இருக்கும் எல்லோருடைய இதய ஓட்டத்தையும் அது வாங்கிக்கொள்கிறது. நம்புகிறவர் பக்கத்தில் இருந்தால் அடர்கிறது, சந்தேகப்படுகிறவர் பக்கத்தில் இருந்தால் வெளிறுகிறது. நிலவு, மந்திரம், பிரார்த்தனை என்று பேசப்பட்டதற்கெல்லாம் அறிவியல் ஒருநாள் அலகு கண்டுபிடித்தபோது, கூடவே இதையும் கண்டுபிடித்தது.

கல் பொருத்திய முதல் வாரம் அவன் வீட்டில்தான் இருந்தான். கௌசிகா கஞ்சி கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் கல் ஒன்பதிலிருந்து ஏழுக்கு இறங்கியது. அவள் சமையலறைக்குப் போனதும் ஏறியது. மருத்துவர் இரண்டு நாள் வந்து பார்த்தார். நீங்கள் இதை நம்புகிறீர்களா என்று அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அடுத்த நாள் அவனை இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே வாசலில் ஐயமானி இருக்கிறது. பார்க்க வருகிறவர் தன் கல்லை அதன் தட்டில் வைக்க வேண்டும். ஏழாம் படிக்குக் கீழே இருந்தால் கதவு திறக்காது. மூன்று மாதமாக அவள் அண்ணனைக் கைபேசித் திரையில்தான் பார்க்கிறாள்.

அதனால்தான் மாலை வகுப்பு. மாநகராட்சிப் பள்ளியில் ஆறரைக்குத் தொடங்கும். சுகாதாரத் துறை வைத்த பெயர் ஒத்திசைவுப் பயிற்சி. வருகிறவர்கள் அதை நம்பிக்கை ட்யூசன் என்றார்கள். பயிற்றுநர் ஹரிணி கௌசிகாவை விட ஆறு வயது சிறியவள். பதினோராம் படியை அநாயாசமாகத் தொடுகிறவள். சொன்ன பயிற்சி எல்லாவற்றையும் கௌசிகா வீட்டில் இரண்டு மடங்கு செய்தாள், நேரம் குறித்தாள், எந்த மூச்சில் கல் அசைகிறது என்று அட்டவணை போட்டாள். வகுப்பில் அவள் நோட்டுதான் அழகான நோட்டு. அவள் கல்தான் கடைசி.

"அக்கா, கண்ண மூடச் சொன்னா நீங்க இமைக்குள்ள இருந்து கல்லப் பாக்கறீங்க" என்றாள் ஹரிணி.

"ஏறுதான்னு தெரிய வேண்டாமுங்களா?"

"ஏறுதான்னு பாக்கறவங்களுக்கு ஏறாதுங்க்கா."

கௌசிகா அதையும் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை இல்லத்திலிருந்து கைபேசியில் தகவல் வந்தது. இடது நுரையீரலில் புதுத் திசு பிடிக்கவில்லை. திங்கட்கிழமை அவனை உள்கூடத்துக்கு மாற்றுகிறார்கள். அங்கே நோயாளிகளைச் சுற்றிப் பத்தாம் படிக்கு மேற்பட்டவர்கள் மட்டுமே இருப்பார்கள். பார்வையாளர் கிடையாது, ஒரு வருடம் கைபேசியும் கிடையாது. உள்கூடத்துக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று அவள் கேட்டாள். நல்லபடியே நினைக்கச் சொல்லி அந்தக் குரல் அழைப்பை முடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை அவள் கல் நான்குக்கு இறங்கியது. மறுநாள் காலை மூன்றரை.

அன்றைக்கு மதியம் ஆய்வகத்தில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் நைலான் படலத்தில் சில துண்டுகளை வெட்டி எடுத்தாள். கண்ணாடி போன்றது, நகத்தை விட மெல்லியது. மஞ்சள் சாயம் இரண்டு துளி, நீலம் ஒன்று. முதல் துண்டு சற்றுப் பழுப்படித்தது. இரண்டாவது ஏழேகால். மூன்றாவதைக் கல்லின் மேல் ஒட்டி லைட் பாக்ஸில் வைத்தபோது, அது ஏழாம் படிப் பச்சை. ஒன்பது வருடத்தில் இதை விடச் சரியாக அவள் எதையும் ஒப்பிட்டதில்லை. நான்கு மீட்டருக்குள் தான் போனால் அவனுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐயமானி அவள் கல்லை மூன்று விநாடி பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தது.

சென்னியப்பன் சன்னலோரக் கட்டிலில் இருந்தான். பாதியாகியிருந்தான். நெஞ்சில் கல் சரியாக எட்டு.

"பாஸ் பண்ணிட்டயா புள்ள?" என்றான். "உன்ற ட்யூசன்ல பூரா மார்க்கும் குடுத்துட்டாங்களா?"

அவள் தலையாட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். அவன் மில் நண்பர்களைப் பற்றி விசாரித்தான், அவள் பதில் சொன்னாள். சொல்லும்போதே அவன் கல் ஏழரை ஆனது. வேறு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. ஏழேகால். ஏழு. அவன் பேச்சின் நடுவில் மூச்சு ஒரு இடத்தில் தட்டியது. அவள் எழுந்துவிட்டாள்.

"நான் போறண்ணா. கல்லு எறங்குது."

"வந்து அஞ்சு நிமிசம் ஆகல."

அவள் தன் கல்லை எடுத்து, நகத்தால் படலத்தை உரித்துக் காட்டினாள். உள்ளே மூன்று. அவன் கல்லையும் படலத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்தான், இருமல் வரும்வரை சிரித்தான்.

"சாயம் போட்டுட்டு வந்தயா? அரசாங்கத்துக்கேவா?"

இருமல் அடங்கியதும் அந்தப் பக்கம் நின்ற செவிலியைப் பார்த்து, குளிக்கப் போவதாகச் சத்தமாகச் சொன்னான். குளிக்க மட்டும் கால் மணி நேரம் கல்லைக் கழற்றலாம். செவிலி சரி என்று கை காட்டிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போனாள். அவன் கொக்கியை விடுவித்து, கல்லைச் சன்னல் திட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டான்.

"உட்காரு. இங்க யாரு குளிச்சது குளிக்கலன்னு கணக்குப் பாக்கறா."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். கல் இல்லாத நெஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே எழும்பி விழுந்தது.

"கௌசி, ஒண்ணு கேக்கறேன். நான் தேறிருவனா?"

அவள் வாயைத் திறந்தாள். வகுப்பில் இந்த இடத்துக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோட்டில் அதற்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள்.

"தெரியலண்ணா" என்றாள். "எனக்குப் பயமா இருக்குது."

அவன் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினான். இமையோரம் ஈரமானது.

"எனக்கும்தான். மூணு மாசமா இத யார்கிட்டயும் சொல்ல முடியல. இங்க வர்ற அத்தன பேரும் தேறிருவ தேறிருவன்னு சொல்றாங்க. அப்படிச் சொல்றவங்களத்தான் உள்ளயே விடறாங்க. பயமா இருக்குதுன்னு வாயத் தொறந்தா, டாக்டரு மொகத்தப் பாக்கறதுக்கு முன்னால கல்லப் பாக்கறாரு."

பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான். விடியற்காலையில் மூச்சு எங்கே நிற்பது போல் இருக்கும் என்று சொன்னான். உள்கூடத்துக்குப் போன பக்கத்துக் கட்டில்காரர் தன் செருப்பைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போனதைச் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

பதினான்காவது நிமிடம் அவன் உதடு நீலம் பாரித்தது. இன்னும் கொஞ்சம் இரு என்று அவன் விரல்கள் இறுகின. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, டம்ளரிலிருந்து கல்லை எடுத்து, தானே அவன் நெஞ்சில் பொருத்தினாள். அவள் கையில் இருந்தவரை அது ஐந்தரை.

முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்தாள். ஒரு அடி வைத்ததும் கல் ஆறானது. இன்னொரு அடிக்கு ஆறரை. அவள் விலக விலக அவன் மூச்சு சீராவது தெரிந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் போட்டிருந்த நான்கு மீட்டர் கோட்டைத் தாண்டி, கதவில் முதுகு இடித்தபோது நின்றாள். கல் அடர்ந்திருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள், மறுபடியும் துடைத்தாள். எட்டா எட்டரையா என்று அந்தத் தூரத்திலிருந்து அவளால் சொல்ல முடியவில்லை.