நாலு வார்த்தைக்கான காற்று

பாசிப் பண்ணைக்குள் நுழையும் எவரும் வாசலில் கழுத்துப் பட்டையைக் காட்ட வேண்டும். பச்சை மின்னினால் முந்தைய நாள் அளவோடு மூச்சு விட்டிருக்கிறார் என்று பொருள். மஞ்சள் என்றால் கொஞ்சம் கூடிவிட்டது. சிவப்பு வந்தால் வரிசையில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நேற்று வீட்டில் சண்டை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். செவ்வாயின் தரைக்கடியில் இருக்கும் செந்திடல் குடியிருப்பில், கணவனும் மனைவியும் முணுமுணுத்தே சண்டை போடப் பழகி மூன்று தலைமுறை ஆகிவிட்டது.

சந்தனமாரியின் பட்டை இருபத்தாறு வருடமாகப் பச்சை. சண்டை போட அவளுக்கு ஆள் இல்லை. தொட்டிகளில் பாசியைக் கிளறுவதும் கண்ணாடியில் படிந்த வழுவழுப்பைச் சுரண்டுவதும் வேலை. அந்தப் பாசி விடும் காற்றைத்தான் குடியிருப்பு முழுவதும் சுவாசித்தது. பகலெல்லாம் காற்றை உண்டாக்கிவிட்டு, மாலையில் தன் பங்கை அளந்து வாங்கிக்கொண்டு போவது முன்பெல்லாம் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது அப்படியும் தோன்றுவதில்லை.

அவள் வாழ்க்கையில் சத்தம் என்று ஒன்று இருந்ததென்றால் அது திரவியத்தின் பாட்டுதான். அவரே எழுதி, மெட்டமைத்து, உடுக்கையும் மின்கிடாரும் அதிர அடிவயிற்றிலிருந்து பாடுவார். பாடகர்களுக்கு அதிகக் காற்று வேண்டும் என்பதால் கலைக்காற்று வாரியம் அவர்களுக்குத் தனியே பாட்டுக்காற்று ஒதுக்கியது. சந்தனமாரிக்கு இருபத்துமூன்று வயதிருக்கும்போது, அவருடைய கச்சேரி ஒன்றில் கூட்டமே சேர்ந்து கத்தியதில் கிழக்குப் பகுதிக்கு மூன்று நாள் காற்று போதவில்லை. மூன்று நாளும் தலைசுற்றலோடு படுத்திருந்ததை அவள் இன்னும் பெருமையாக நினைத்துக்கொள்வாள்.

அதனால்தான் புதிய தொகுப்பை முதல் தடவை கேட்டபோது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. உடுக்கை இல்லை. வெறும் மரக்கிடார். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல நாலு வார்த்தை சொல்லும், பிறகு நின்றுவிடும். மீதியைக் கிடார் சொல்லும். அடுத்த தொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்த ரபீக்குக்கும் பிடிக்கவில்லை.

“தாலாட்டுப் பாடுறாருக்கா. நான் பாதியிலயே தூங்கிட்டேன். என் பட்டைகூடப் பச்சையா வந்திருச்சு, பாத்தீங்கல்ல?”

அவள் காதுக்குமிழைச் செருகிக்கொண்டு மறுபடி கேட்டாள். மூன்றாம் நாள், நாலாவது பாட்டில், ‘கதவைத் திறந்து வை, நான்’ என்று குரல் நின்ற இடத்தில் அவள் கையும் நின்றது. நான் வருகிறேனா, வரமாட்டேனா? கிடார் அதைச் சொல்லாமல் கொஞ்ச தூரம் நடந்து போயிற்று. அந்த இடைவெளியில் தொட்டியின் குமிழிகள் கேட்டன. தன் ஐம்பது வயது அங்கே வந்து உட்கார இடம் இருப்பதாக அவளுக்குப் பட்டது. பழைய பாட்டுகள் அவளை எழுப்பியிருந்தன. எழுந்த பிறகு போக இடமில்லாமல் வெகுகாலமாக உட்கார்ந்திருக்கிறவளிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

அந்த வாரமே வாரியத்தின் கடிதம் வந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு பாடகருக்கும் நூறு நெடுநாள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டுத்தான் பாட்டுக்காற்றின் அளவை முடிவு செய்வார்கள். நூறு பேரில் அவளும் ஒருத்தி. அவள் ஏழு முறை எழுதிக் கிழித்தாள். எட்டாவதை அனுப்பினாள்.

‘திரவியம் நிறுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறார். பாதியில் விட்ட வரிகளை நாங்கள் எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். அவருக்கு இனி உரத்த குரல் தேவையில்லை. எங்களுக்கு இந்த நாலு வார்த்தை போதும்.’

தன் வாழ்நாளில் எழுதிய நல்ல வாக்கியங்கள் இவைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. வாரியத்துக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும். தொகுப்பின் அட்டையில் அவள் பெயரோடு அச்சிட்டார்கள். ரபீக் அதைப் படித்துவிட்டு, தான் அவசரப்பட்டுவிட்டதாகவும், இப்போது கேட்டால் ஆழம் தெரிவதாகவும் சொன்னான்.

இரண்டு மாதம் கழித்து, வேலை முடிந்து வெளியே வந்தபோது பண்ணை வாசலில் ஒரு மனிதர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கழுத்துப் பட்டை மஞ்சளாக இருந்தது. அறுபது வயதிருக்கும். குரலைக் கேட்ட பிறகுதான் திரவியம் என்று தெரிந்தது.

“நீங்கதான் சந்தனமாரியா? நல்லா எழுதியிருந்தீங்க.”

அவள் தலையாட்டினாள். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் காத்திருந்து பேசினார்.

“மூணு வருசம் முன்னாடி என் பாட்டுக்காத்த பாதியாக் குறைச்சிட்டாங்கம்மா. நாலு வார்த்தைக்கு மேல பாட மூச்சு கிடையாது.” நிறுத்தினார். “கிடாருக்குக் காத்து வேண்டாமே. அதான் மீதிய அதுகிட்ட விட்டேன்.”

அந்த நாலாவது பாட்டின் வரியைப் பற்றி அவள் கேட்டாள். நான் வந்துகொண்டிருக்கிறேன் என்பதுதான் முழு வரி என்றார். சாதாரண வரிதான், பாடி முடிக்க முடியவில்லை. பழைய அளவைத் திருப்பித் தரும்படி வாரியத்திடம் மனு கொடுத்திருந்தாராம். ரசிகர்கள் கேட்டால் தருவதாகச் சொன்னார்களாம். நூறு கடிதத்தையும் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளுடைய வாக்கியத்தை ஆணையின் முதல் வரியாகப் போட்டு, மீதி இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். இனி மற்றவர்களைப்போல வெறும் பேச்சுக்காற்றுதான்.

“நான் மறுபடி எழுதுறேன் ஐயா,” என்றாள்.

“வேண்டாம்மா,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் பாதியில் நிறுத்திக்கொண்டார். “உங்க எழுத்துக்குப் பலம் ஜாஸ்தி.”

அவள் வாரியத்துக்குப் போனாள். கொடுத்த கருத்தைத் திரும்பப் பெற வழியில்லை என்றார்கள். அடுத்த தொகுப்பு வந்தால், விதிவிலக்காக உடனே கருத்துக் கேட்பதாகச் சொன்னார்கள்.

மறுவருடம் தொகுப்பு வந்தது. பதினோரு பாட்டுகள். முதல் ஐந்தில் கிடார் மட்டும். மீதி ஆறில் விரல்களும் சோர்ந்துவிட்டனபோல, அறையின் மெல்லிய இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை. ரபீக் கண்கலங்கிப்போய் வந்தான்.

“இப்பத்தான்க்கா அந்த மனுசன் உச்சத்துக்குப் போயிருக்காரு. ஒன்பதாவது பாட்டு, என்னமா இருக்கு!”

சந்தனமாரி வாரியத்துக்கு இரண்டே வரி எழுதினாள். ‘பிடிக்கவில்லை. அவருக்குக் காற்றுக் கொடுங்கள், கத்தட்டும்.’ கலைஞரோடு சேர்ந்து வளர இயலாத ரசிகர் என்று குறித்து அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் தொகுப்பைக் கொண்டாடியிருந்தார்கள். செந்திடலில் இதுவரை எந்தத் தொகுப்புக்கும் கிடைக்காத வரவேற்பு அது.

பெரிய கூடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். கைதட்டலுக்கும் ஆரவாரத்துக்கும் வாரியம் தாராளமாகத் தனிக்காற்று ஒதுக்கியிருந்தது. திரவியம் மேடைக்கு வந்ததும் நாலாயிரம் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். பழைய கச்சேரியில்கூட இப்படிக் கத்தியதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சந்தனமாரிக்குக் காற்றின் கணக்கு கைப்பழக்கம். முதல் இரண்டு நிமிடத்தில் செலவானதை வைத்து அவர் சாகும்வரை பாடியிருக்கலாம்.

ஆரவாரம் அடங்கியது. திரவியம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குனிந்து தன் கழுத்துப் பட்டையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

கூடம் ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு, அவர் புதிதாக ஒரு பாட்டைப் பாடி முடித்துவிட்டார் என்று புரிந்துகொண்டு, முன்னைவிடப் பலமாகக் கத்தத் தொடங்கியது.