விரிசல் இல்லாத குழாய்

கழற்றி எடுத்த இரும்புக் குழாயை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரிசலைக் காணோம்.

எஞ்சினின் விலாவில் நாலு வாயோடு ஒட்டிக்கொண்டு, புகையை வாங்கிப் பின்பக்கம் அனுப்பும் குழாய் அது. அதில் விரிசல் விட்டுப் புகை காருக்குள் கசிந்ததால்தான், ஷட்டர் திறந்திருந்தும் அண்ணன் இதே கொட்டகையில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மூச்சுமுட்டிச் செத்துப்போனார் என்று அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இவனும் நம்பினான். இப்போது மண்ணெண்ணெயில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, நகத்தால் கீறிப் பார்க்கிறான். குழாய் முழுசாக இருந்தது.

அதற்குப் பதிலாகப் போட வாங்கிய ஹெட்டர் அட்டைப்பெட்டிக்குள் பளபளத்தது. எஞ்சினின் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனிக் குழாய். மாட்டினால் வண்டி உறுமும். உறுமட்டும் என்றுதான் வாங்கினான். அண்ணன் இருந்தவரை இந்த வீட்டில் யாரும் சத்தமாக இருமியதுகூட இல்லை. வண்டியைக் கேட்காமல் எடுத்ததற்கு விழுந்த அறையில் போன இடது காது இன்றுவரை செவிடு. அந்த வண்டியைத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒருமுறை ஓட்டிவிட்டால், அண்ணன் நிஜமாகவே போய்விட்டார் என்று மனசு நம்பும். அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

இன்று காலையிலேயே அண்ணி கொட்டகை வாசலில் வந்து நின்றிருந்தாள். அவனிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவள் அல்ல. அவள் அடி வாங்கியபோதெல்லாம் அடுத்த அறையில் மூச்சுக் காட்டாமல் கிடந்தவன் இவன். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டியதில்லை.

"அதக் கழட்டாதீங்க தம்பி. மூடியிருக்கறது மூடியே இருக்கட்டும்."

விரிசல் விட்டதை மாற்றத்தானே போகிறேன் என்றான். அவள் வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் குழாயைக் கழற்றினான். கழற்றியதும் எஞ்சினின் விலாவில் நாலு ஓட்டைகள் வாயைத் திறந்தன. நட்டு ஒன்று தவறி உள்ளே போனால் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான், அதனால் துணி திணித்து அடைத்துவிட்டு மேற்கொண்டு வேலை பார்ப்பது வழக்கம். அண்ணனின் பழைய நீலச் சட்டை கைக்கு அகப்பட்டது. வலது கையை மட்டும் கிழித்து, நாலு துண்டாக்கி, ஓட்டைக்கு ஒன்றாகத் திணித்தான். கிழிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இப்போது குழாயை ஓரமாக வைத்துவிட்டு எஞ்சின் பக்கம் திரும்பினான். மூன்று துணிகள்தான் இருந்தன.

கீழே விழுந்திருக்கும் என்று வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தான். தரையில் எண்ணெய்க் கறையும் ஸ்பேனரும்தான். குளிர்ந்த இரும்பின் வாடைக்கும் மழை ஈரத்துக்கும் நடுவே வேறொரு வாடை மெல்ல எழுந்தது. சூடான புகை. மாதக்கணக்காக ஓடாத எஞ்சின், பேட்டரி வயரைக்கூட அவனே பிடுங்கிப் போட்டிருந்தான். நிமிர்ந்தபோது இரண்டாவது துணியின் நுனி ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. உள்ளே போய்க்கொண்டிருந்தது, நூல் நூலாக, யாரோ உறிஞ்சுவதுபோல. எட்டிப் பிடித்தான். அது இழுத்தது.

விட்டுவிட்டான்.

மூடிவிட வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது. புகை கசியாமல் நடுவில் வைக்கும் கேஸ்கெட் தகட்டைப் பொருத்தி, ஹெட்டரைத் தூக்கி வைத்து, விரல் தோல் உரிய உரிய நட்டுகளை முடுக்கினான். மிச்சத் துணிகளை எடுத்தானா? எடுக்கவில்லை. எடுக்க அவையும் அங்கே இல்லை. ஹெட்டரின் வாலைப் பின்பக்கக் குழாயோடு சேர்த்துக் கடைசி போல்ட்டை இறுக்கியபோது எல்லாம் அடங்கிவிட்டது. வாடைகூட இல்லை. அப்பாடா என்று வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்தான்.

அப்புறம்தான் உறைத்தது. எதையும் மூடவில்லை. வழி போட்டுக் கொடுத்திருக்கிறான்.

முகத்துக்கு மேலே, குழாய்க்குள், ஏதோ நகர்ந்தது. பின்பக்கமாக. நின்றது. இருமியது.

இடது காதில் கேட்டது.

புரண்டு வெளியே வந்து ஷட்டருக்கு ஓடினான். கொட்டகை முழுக்கப் புகை. கண் எரிந்தது. ஷட்டரை ஒரு சாண் தூக்கியதும் வெளியே அண்ணியின் நனைந்த பாதங்கள் தெரிந்தன.

"உள்ள யாரு இருமுறது?"

"நாந்தான் அண்ணி. தூக்குங்க."

அவள் குனியவில்லை. "நீங்க இல்ல தம்பி."

வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். இருமல் நிற்கவில்லை. சத்தமாக, நிதானமாக, வீட்டுக்குச் சொந்தக்காரன் இருமுகிற இருமல்.

வெளியே ஒரு கால் ஷட்டரின் விளிம்பில் ஏறியது. மிதித்தது. ஷட்டர் தரையில் இறங்கியது. தாழ்ப்பாள். பூட்டு.

"கழட்டாதீங்கன்னு சொன்னேன்ல," என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "அன்னைக்கும் இப்படித்தான் பூட்டினேன், இருமல் நின்னப்புறம்தான் தெறந்தேன். அவர மறுபடி வெளிய விட என்னால முடியாது."

காலடிச் சத்தம் விலகிப் போனது. மழைதான்.

அவன் காலடியில், வண்டியின் பின்குழாய் வாயில், நீலத் துணி எட்டிப் பார்த்தது. ஒரு துண்டு அல்ல. கிழிசலும் இல்லை, ஒட்டுத் தையலும் இல்லை. மணிக்கட்டில் பித்தான் போட்ட முழுச் சட்டைக் கை. அது தரையில் நீண்டுகொண்டே வந்தது. பிறகு மெதுவாகப் புகையால் உப்பியது. முழங்கை மடங்கியது. எழுந்தது.

ஓங்கியது.