ஹாலில் கொட்டிய கடல் மணல்

சித்திரை வெயிலில் நசரத்பேட்டையே அப்பளமாகப் பொரிந்துகொண்டிருந்த வாரத்தில், தினகரன் வீட்டு ஹாலின் நடுவிலிருந்த நான்கு டைல்ஸ் மட்டும் காயவே இல்லை. துடைத்தால் அரைமணி நேரம் பளபளக்கும். பிறகு இணைப்புகளில் பழுப்பாக ஓர் எண்ணெய் கசிந்து, அதன் ஓரம் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். வாடை வேறு. முதல் நாள் கருவாடு. மறுநாள் கருவாட்டுக் கூடையைக் கழுவிய தண்ணீர். மூன்றாம் நாள் அந்தத் தண்ணீரில் ஊறிச் செத்த எலி.

வேலப்பன்சாவடியில் அவனுக்கு டைல்ஸ் கடை. ஊருக்கெல்லாம் பத்து வருஷ கியாரண்டி பேசி விற்கிறவன், சொந்த வீட்டுத் தரையைப் பற்றி எந்தக் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போடுவது?

ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு அரையடி ஏறியது, வீடு நின்ற இடத்திலேயே நின்றது. மழைக்காலத்தில் சோபா மிதந்தது. அதனால்தான் தை மாதம், உள்ளே மண் ரொப்பி ஹாலை இரண்டரை அடி உயர்த்திவிடுவது என்று முடிவு செய்தான். மனைவி கலைவாணிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"புள்ளத்தாச்சி இருக்கிற ஊட்ல மண்ணு வெட்டக் கூடாது மாப்ள," என்றாள் மாமியார் எல்லம்மா. "அவ புருசன் உசுரு கொல்லக் கூடாது. கடல்ல கால் நனைக்கக் கூடாது."

"எனக்கு டீ குடிக்கவே நேரமில்ல அத்தை. கடலுக்கு எங்க போவப்போறேன்?" என்று சிரித்து, வேலை முடியும்வரை கலைவாணியை எல்லம்மாவோடு அவளுடைய ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு அனுப்பிவைத்தான்.

அவன் கடலுக்குப் போகவில்லைதான். கடல் லாரியேறி அவன் வீட்டுக்கு வந்தது.

கொண்டுவந்தவன் பால்ராஜ். மணலில் கிளிஞ்சல் மின்னுவதைக் காட்டிக் கேட்டதற்கு, "ரொப்பத்தானே அண்ணாத்தே, சோத்துல போட்டுத் திங்கவா போறே?" என்றான். அந்தக் கிளிஞ்சலையே சாக்காக வைத்து தினகரன் விலையை இன்னும் கொஞ்சம் அடித்தான். பேரத்தில் ஜெயித்தவனுக்கு மூக்கு வேலை செய்யாது. ஆட்கள் ஹாலுக்குள் கூடை கூடையாகக் கொட்டும்போதுதான் பிங்பாங் பந்துபோல வெள்ளை வெள்ளையாக முட்டைகள் உருண்டன. மிதித்தால் உடையவில்லை, குழைந்து, மஞ்சளாகப் பிதுங்கின. கடைசிக் குவியலில், கவிழ்த்த இருப்புச் சட்டி மாதிரி ஓர் ஓடு.

"கடலாமை. பங்குனி ஆமைன்னுவாங்க," என்றான் பால்ராஜ். "இந்த வருசம் கரையெல்லாம் செத்து ஒதுங்குது. பொதைச்ச எடத்துலயே அள்ளிட்டானுங்க போல."

கழுத்து உப்பி, கண்கள் கோலிக்குண்டுபோலப் பிதுங்கியிருந்தன. கண்ணோரத்தில் புழு. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்துடுப்பு மணலை ஒருமுறை சீய்த்தது.

"உசுரு கீது, அண்ணாத்தே."

வாசலில் கான்கிரீட் மிக்சர் சுற்றத் தொடங்கியிருந்தது. மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"காத்து போவுது, அவ்ளோதான். கொட்டு," என்றான் தினகரன்.

கொட்டினார்கள். தண்ணீர் விட்டு இடித்தார்கள். கான்கிரீட், மேலே இரண்டுக்கு இரண்டு ஐவரி டைல்ஸ்.

வேலை முடிந்ததும் திரும்பி வந்த கலைவாணி, பங்குனியில் வளைகாப்பு முடிந்த பிறகும் தாய்வீட்டுக்குப் போக மறுத்தாள். "இங்கதான்," என்று தரையில் உள்ளங்கையை வைத்தாள். அவளுக்கு வாடையே தெரியவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவன், அவள் நடு ஹாலில் குந்தி, இணைப்பில் பூத்த உப்பை நகத்தால் சுரண்டி நாக்கில் வைப்பதைப் பார்த்தான்.

"இன்னா பண்றே?"

"கரிக்குதுங்க. நல்லாக்கீது."

நாக்கு முழுக்கப் பழுப்பு. தினகரன் வாஷ்பேசினுக்கு ஓடினான். அன்றைக்குத்தான் சத்தமும் கேட்டது: தரைக்கு அடியில், ஈரச் சாக்குமூட்டையை இடப்பக்கம் சாய்த்து, வலப்பக்கம் சாய்த்து இறக்குவதுபோல. டொப். டொப். கடையில் சும்மா இருந்த நேரத்தில் போனில் ஆமை வீடியோ ஒன்றைத் தேடிப் பார்த்தான். முட்டையிட்ட ஆமை குழியை மூடியபின், உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலைத் தட்டி இறுக்கியது. அதே தாளம். போனைக் கவிழ்த்து வைத்தான்.

மச்சினன் கிஷோரிடம் சொல்லிவிட்டான்: வியாழக்கிழமை நான்கு மணிக்குக் காரோடு வா, அழுதாலும் விடாமல் ஏற்றிக்கொண்டு போ. அவளும் வயிற்றுப் பிள்ளையும் வெளியேறிவிட்டால் போதும். மறுநாளே ஆள் வைத்துத் தரையை உடைத்துவிடலாம்.

வியாழனன்று மூன்று மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு வந்தான். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கரண்ட் இல்லை. ஜன்னல்களில் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. வெயிலில் வந்த கண்ணுக்குள் ஒன்றும் ஏறவில்லை. மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது, மூடியே இல்லாத வாடை, நாக்கில் எண்ணெயாகப் படிகிற வாடை. அப்புறம் ஈக்களின் ரீங்காரம். அதற்கும் அடியில், சர்ரென்று ஏதோ வாரி இறைகிற ஓசை.

"கலை?"

முகத்தில் மணல் விழுந்தது. ஈரமாக. வாயிலும்.

துப்பினான். ஒரு பல் அளவுக்கு ஏதோ நாக்கில் தங்கியது. கண்ணாடி. பச்சை வளையல் துண்டு.

நான்கு டைல்ஸும் பெயர்ந்து கிடந்தன. கான்கிரீட் பிஸ்கட்டாக நொறுங்கியிருந்தது. கடப்பாரை எதுவும் இல்லை. குழிக்கு மேலே, அவனுக்கு முதுகு காட்டி, கலைவாணி. இரண்டு கைகளையும் பின்னுக்கு வீசி மணலை இறைத்தாள். விரல் நுனிகளில் நகமே இல்லை.

"கலை, எழுந்திரு. கிஷோர் வர்றான்."

திரும்பினாள். கண்ணிலிருந்து கோந்துபோல நீர் கட்டியாக வழிந்து, மோவாயில் மணலோடு ஒட்டித் தொங்கியது. அவள் அழவில்லை. வெறுமனே வழிந்தது.

வயிறு தட்டையாக இருந்தது.

பார்க்கக் கூடாது. பார்த்தான். குழிக்குள் வெள்ளை வெள்ளையாக. குழைந்தவை. மஞ்சள் பிதுங்கியவை. அவற்றின் நடுவே மணல் அசைந்தது. ஒரு சின்னக் கை. ஐந்து விரல். மணலை ஒருமுறை சீய்த்தது.

"உசுரு..." என்றான்.

"காத்து போவுதுங்க," என்றாள் கலைவாணி, பிள்ளையைத் தாலாட்டுகிற குரலில். "அவ்ளோதான்."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. அவள் மணலைக் கையால் தள்ளி மூடினாள். அதன்மேல் குப்புறச் சாய்ந்தாள். இடது. வலது.

டொப்.

அடியிலிருந்து, டொப்.