தாண்டவராயனின் தண்டுவடம்

தாண்டவராயனுக்குக் கதிர்வீச்சு தொடங்க இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

ஒரகடம் சாலையில் மதிய ஷிப்ட் பேருந்துகள் வரிசைகட்டி நின்ற நேரத்தில், கவிப்பிரியா மருத்துவமனையின் அடித்தளத்துக்கு இறங்கி வந்தாள். அங்கே ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் லாரிச் சத்தம்கூட எட்டாது. ஏசியின் இரைச்சல் மட்டும்தான்.

அவள் வேலை கோடு போடுவது. புற்றுநோயாளியின் ஸ்கேனில், நோயில்லாத உறுப்புகளைச் சுற்றிப் படம் படமாக எல்லை வரைய வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பி, தாடை, தண்டுவடம். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கணினி கதிரை விலக்கிக்கொண்டு போகும். தண்டுவடத்துக்குக் கோடு இல்லாவிட்டால், ஆள் பிழைத்தாலும் கைகால் விளங்காது.

தாண்டவராயன் வடக்குப்பட்டுக்காரர். கார் உதிரிபாகக் கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் பிரிவு சூப்பர்வைசர். போன மாதம் அவருடைய குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாக. பேச்சு இனி இல்லை.

தண்டுவடத்தை வரைந்து முடித்து, டீ குடித்துவிட்டு வந்தாள்.

கோடு இல்லை. சுரப்பி இருந்தது, தாடை இருந்தது. தண்டுவடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

“இன்னாக்கா, சேவ் பண்ண மறந்துட்டியா?” ஸ்கேன் எடுக்கும் லோகேஷ் சிரித்தான். “டீக்கு மட்டும் கரெக்டா ஓடுற.”

மறுபடி வரைந்தாள். இந்த முறை இடத்தைவிட்டு எழவில்லை.

கடைசிப் படத்திலிருந்து கோடு அழியத் தொடங்கியது. ஒவ்வொரு படமாக, மேல்நோக்கி. ஈர விரலால் யாரோ பொறுமையாகத் துடைத்துக்கொண்டு வருவதைப் போல.

மெஷின் எண்ணெய் நாற்றம் அடித்தது.

தோளுக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில் ஒரு தெற்கத்திக் குரல்.

“இந்த ஆளுக்கு எதுக்குக்கா கோடு போடுதிய?”

திரும்பினாள். யாருமில்லை.

டாக்டருக்குப் போன் செய்தாள். குரலைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கோடு அழிவதை மட்டும் சொன்னாள். ஃபைல் கெட்டிருக்கும், ஸ்கேனைத் திரும்ப எடுங்கள் என்றார் அவர்.

வெளியே பெஞ்சில் கணவர் தாண்டவராயனோடு உட்கார்ந்திருந்த மஞ்சுளா எரிந்து விழுந்தாள்.

“இன்னொரு தபாவா? எத்தினி பாடுதாம்மா படுவாரு மனுசன்? தை மாசம் ஒரு பையன் பிரஸ்ல மாட்டிக்கினு செத்தான். பேச்சிராஜ்னு, சங்கரன்கோயில் பக்கத்துப் பையன். கை உள்ள இருந்தா மெஷின நிறுத்துற சென்சாரு கெட்டுப்பூட்ச்சு. அதுக்கு இவரு இன்னா பண்ணுவாரு? அன்னிக்குப் புடிச்ச சனிம்மா.”

தாண்டவராயன் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஸ்கேன் அறையில் அவரைப் படுக்கவைத்து, முகத்துக்கு அச்சாக வார்த்த வலைமூடியை அழுத்தி, மேஜையோடு பூட்டினான் லோகேஷ். தலை அசையாது. உதடு பிரியாது. கஷ்டமாக இருந்தால் கையைத் தூக்கச் சொல்லிவிட்டு, கவிப்பிரியா நின்ற கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து கதவைச் சாத்தினான்.

மேஜை மெதுவாக ஸ்கேன் மெஷினுக்குள் நகர்ந்தது.

ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் கேட்டது. துளை வழியாக வரும் மூச்சு.

கூடவே இன்னொரு மூச்சு.

“லோகேஷ், உள்ள யாரு?”

“அவரு மட்டும்தான்க்கா.” அவன் குரலில் சிரிப்பில்லை.

கண்ணாடிக்கு அப்பால் தாண்டவராயனின் கை சட்டென்று உயர்ந்தது.

லோகேஷ் நிறுத்தும் பொத்தானை அழுத்தினான்.

மேஜை நிற்கவில்லை.

மறுபடி அழுத்தினான். குத்தினான். அது போய்க்கொண்டே இருந்தது. உயர்ந்த கை காற்றைப் பிறாண்டியது.

எண்ணெய் நாற்றம் இப்போது தொண்டையை அடைத்தது.

“அது நிக்காதுக்கா” என்றது ஸ்பீக்கர்.

கவிப்பிரியா மைக்கை அழுத்தினாள். “யாரு பேசறது?”

குரல்வளை இல்லாத ஒருவர் மட்டும் பூட்டிக் கிடந்த அறையிலிருந்து, இளம் குரல் ஒன்று நிதானமாகப் பதில் சொன்னது.

“பேச்சிராஜ் பேசுதேன். சென்சாரு கெட்டுப்போவலக்கா. அத ஆஃப் பண்ணிட்டு, கைய உள்ள விடுன்னு சொன்னது இந்த சார்தான்.”