ஒரு சட்டை கூடுதல்

இதெல்லாம் நான் சொல்லும் வரிசையில்தான் நடந்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. மழை நாட்கள் நினைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஈரக் காலடிகளை முதலில் பார்த்தேனா, சட்டையை முதலில் பார்த்தேனா? அம்மாவிடம் கேட்டால், "உனக்கு அப்போ ஜுரம்டி" என்கிறார். எனக்கு ஜுரம் வந்ததாக நினைவில்லை.

என் பெயர் ஷைலா. அம்மா, அயனம்பாக்கம் ஏரியை ஒட்டி இருக்கும் ஒரு கல்லூரியில் நூலக உதவியாளர். பள்ளி விட்டதும் வேன் என்னை அங்கே இறக்கிவிடும். ஐந்தரை மணிக்கு அம்மாவின் வேலை முடியும். அதுவரை நான் தையல் மன்றத்தின் அறையில் இருப்பேன்.

தையல் மன்றம் மாணவர்கள் தாங்களே நடத்துவது. வகுப்பு முடிந்ததும் நாலு மணிக்குக் கூடுவார்கள். நிவேதிதா அக்காதான் செயலாளர். சுலோசனா அக்கா வேகமாகத் தைப்பார், அதைவிட வேகமாகப் பயப்படுவார். மேக்ஸ்வெல் அண்ணா மன்றத்தின் ஒரே ஆண் பிள்ளை. பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருகிறவர். வாய் மட்டும் ஓயாது.

அறை, கட்டடத்தின் கடைசியில் ஏரிப் பக்கம் இருந்தது. நடுவில் துணி வெட்டும் பெரிய மேசை. மூலையில், உடுப்பை மாட்டிப் பார்ப்பதற்கான பொம்மை. அதற்குத் தலை கிடையாது. நான் எங்கே உட்கார்ந்தாலும் அது என் பக்கம் திரும்பியிருப்பது போலவே இருக்கும். தலை இல்லாத பொம்மை எப்படித் திரும்பும் என்று கேட்காதீர்கள். நானும் என்னைப் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அந்த மாதம் மன்றத்தினர் குழந்தைச் சட்டைகள் தைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், பத்து மாதம் ஆவதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைகளுக்கென்று ஒரு வார்டு இருக்கிறது. அங்கே கொடுப்பதற்கு முப்பது சட்டைகள். என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு சட்டை.

ஒரு திங்கட்கிழமை ஆறு சட்டைகளைக் கூடையில் வைத்து அறையைப் பூட்டினார்கள். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத் திறந்தால் ஏழு இருந்தன.

"நேத்து தப்பா எண்ணிட்டோம்" என்றார் நிவேதிதா அக்கா.

புதன்கிழமை மறுபடியும் ஒன்று கூடுதல். வியாழன், வெள்ளியும் அப்படியே. அடுத்த திங்கட்கிழமை ஒரேயடியாக மூன்று.

"பேய் சனி, ஞாயிறுகூட லீவு எடுக்கல" என்றார் மேக்ஸ்வெல் அண்ணா. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

கூடுதலாக வந்த சட்டைகள் வேறு மாதிரி இருந்தன. மன்றத்தின் துணியில் பூப்போட்டிருக்கும். இவை வெறும் வெள்ளை. பலமுறை துவைத்த, தொட்டாலே வழுக்கும் மெல்லிய துணி. பொத்தான் இல்லை, நாடா. எல்லாமே கையால் போட்ட தையல். இன்னொன்றும் இருந்தது. அதை முதலில் கவனித்தவர் சுலோசனா அக்கா.

"ஏய், இதைப் பாரு. உள்பக்கம் வெளியே இருக்கு."

உண்மைதான். சட்டையின் உள்ளே மறைய வேண்டிய மடிப்பும் தையலும் வெளிப்பக்கம் இருந்தன. புரட்டி மாட்டிய சட்டை போல. தெரியாமல் செய்த தவறு என்றும் சொல்ல முடியாது. எல்லாச் சட்டையும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு தையலும் அரிசி மணி போல ஒரே அளவு.

"மனுஷங்க இப்படித் தைப்பாங்களா?" என்றார் சுலோசனா அக்கா மெதுவாக.

மேசையைச் சுற்றித் தரையில், காய்ந்தும் காயாமலும் காலடிகள் தெரிந்தன. செருப்பில்லாத பெரிய பாதங்கள். கதவிலிருந்து மேசைக்கு வந்திருந்தன.

அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று நிவேதிதா அக்காவிடம். இன்னொன்று அலுவலகத்துச் சாவிப் பலகையில். அதற்குப் பொறுப்பு பால்ராஜ் அண்ணா. தண்ணீர் கேன்களை இரண்டு தோளிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற, மலை போன்ற ஆள். அவரிடமும் கேட்டோம்.

"அந்த ரூமா? நான் அந்தாண்ட போறதே இல்லமா" என்றார் அவர். "காத்து சரியில்ல அங்க. நீங்களும் சீக்கிரம் ஊட்டுக்குக் கிளம்புங்க."

பால்ராஜ் அண்ணாவே பயப்படுகிறார் என்றதும் சுலோசனா அக்கா அன்றைக்குத் தைக்காமலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை மன்றம் காலையில் கூடும். எனக்குப் பள்ளி இல்லை. ஆனால் அம்மாவுக்கு வேலை உண்டு. அந்தச் சனிக்கிழமை கூடுதல் சட்டைகள் பதினொன்று ஆகியிருந்தன.

"இதைக் கொண்டுபோய்க் குழந்தைங்களுக்குப் போட முடியாது" என்றார் நிவேதிதா அக்கா. "என்னன்னே தெரியாத ஒண்ணு. திங்கட்கிழமை சாயங்காலம் ஏரியில போட்டுடலாம். அப்புறம் பூட்டை மாத்திடலாம்."

எல்லோரும் சரி என்றார்கள். நான் அப்போது மேசைக்கு அடியில் இருந்தேன். அங்கே வெட்டுத் துண்டுகளை அடைத்த மூட்டை ஒன்று கிடக்கும். அதில் சாய்ந்து புத்தகம் படிப்பது என் வழக்கம். மழைச் சத்தத்தில் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. நான் இருப்பதை மறந்து அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

விழித்தபோது விளக்கு அணைந்திருந்தது. ஜன்னல் வழியாகச் சாம்பல் வெளிச்சம் வந்தது. பொம்மை என் பக்கம் திரும்பியிருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன்.

பூட்டில் சாவி திரும்பியது.

கதவு திறந்து, மூடியது. இரண்டு ஈரப் பாதங்கள் தரையில் நடந்து வந்து, என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றன. நாற்காலி மெல்ல இழுபட்டது. பிறகு ஒரு முணுமுணுப்பு. வார்த்தை எதுவும் புரியவில்லை. நிற்காமல், ஒரே தாளத்தில், மூச்சோடு மூச்சாக. நடுநடுவே துணிக்குள் நூல் இழுபடும் சின்னச் சத்தம்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. என் இதயம் அடிப்பது அதற்குக் கேட்டுவிடுமோ என்று புத்தகத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன்.

திடீரென்று முணுமுணுப்பு நின்றது. "டிங்" என்று ஏதோ விழுந்தது. ஊசி. அது என் முழங்கால் அருகே வந்து கிடந்தது. மேசைக்கு அடியில் ஒரு கை நீண்டு, தரையைத் தடவிக்கொண்டே வந்தது. மிகப் பெரிய கை. விரல் நுனிகளில் ஊசி குத்திய புள்ளிகள். ஒரு விரலில் பிளாஸ்திரி.

பேய்க்குப் பிளாஸ்திரி எதற்கு?

அதற்குப் பிறகு எனக்குப் பயத்தைவிட அந்தக் கையின்மேல் இரக்கம் அதிகமாகிவிட்டது. ஊசியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தேன்.

"ஐயோ மாதாவே!"

நாற்காலி கவிழ்ந்தது. மலை விழுந்தது போல ஒரு சத்தம். நான் தலையை நீட்டிப் பார்த்தேன். பால்ராஜ் அண்ணா சுவரோடு ஒட்டிக்கொண்டு, கையில் ஒரு சின்ன வெள்ளைச் சட்டையோடு, கண்ணை இறுக மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, நான்தான். ஷைலா."

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "பாப்பா... நீ இங்க இன்னா பண்ணிகினு கீறே?"

"தூங்கிட்டேன். நீங்க?"

அவர் எழுந்து, கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பொண்ணு பொறந்துகீது பாப்பா" என்றார் கடைசியில். "ஏழாம் மாசத்துலயே வந்துட்டா. ஒரு கிலோ. சக்கரை பாக்கெட்டு தூக்கிகீறியா, ஒரு கிலோ? அவ்ளோதான். கண்ணாடிப் பொட்டியில கீறா."

"அவளுக்கா இந்தச் சட்டை?"

"இல்ல. அவ ஊட்டுக்கு வர வரைக்கும் தினம் ஒரு சட்டை, வேற யாரோ பெத்த புள்ளைக்கு. மாதா கோயில்ல வேண்டிகினேன். அம்பத்தூர் எஸ்டேட்ல எட்டு வருஷம் தையல் கம்பெனில இருந்தவன் நான். என் வேட்டியைத்தான் சுடுதண்ணில வேகவச்சு வெட்டினேன். சாப்பாட்டு மணில வந்து, ஜெபம் சொல்லிகினே தைப்பேன். அவ ஊட்டுக்கு வரவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. அதுவும் வேண்டுதல்தான்." சட்டென்று நிறுத்தினார். "இப்போ உன்கிட்ட சொல்லிட்டேனே!"

"நீங்க சொல்லல, நான் பார்த்துட்டேன். அது வேற" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தலையை ஆட்டினார். "அது வேறதான்."

"ஏண்ணா உள்பக்கத்தை வெளியே வெச்சுத் தைக்கிறீங்க?"

"தையல் உள்ளே இருந்தா குத்தும் பாப்பா. அதுங்க தோலு வெங்காயச் சருகு மாதிரி. பொத்தான் அழுத்தினா அச்சு விழுந்துடும். நான் தினம் பார்க்கிறேனே."

அப்போதுதான் எனக்கு ஏரி ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை நடக்கப்போவதைச் சொன்னேன். அவர் கையில் இருந்த சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏரியில போட்டா வேண்டுதல் பலிக்காது" என்றார். "சட்டை ஒரு புள்ளைக்குப் போய்ச் சேரணும்."

"அப்போ அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொன்னாலும் பலிக்காது."

அவர் என்னை நூலகத்தில் கொண்டுபோய் விட்டார். அம்மாவிடம், "ரூம்ல மாட்டிகினு இருந்துதுமா" என்று மட்டும் சொன்னார். போகும்போது திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு சின்னதாகத் தெரிந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தேன். யார் தைத்தது என்று சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் சட்டைகள் ஏரிக்குப் போகும். ராத்திரி சாப்பிடும்போதுதான் தோன்றியது. யார் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? ஏன் அப்படித் தைத்திருக்கிறது என்பது தெரிந்தால் போதாதா? அதைச் சொல்லவும் நான் தேவையில்லையே.

திங்கட்கிழமை நாலு மணி. கூடுதல் சட்டைகள் பதினான்கு. நிவேதிதா அக்கா ஒரு துணிப்பையில் ஒவ்வொன்றாகப் போட்டார், விரல் நுனியால் பிடித்து.

"அக்கா, அந்தப் பாப்பாங்க எவ்வளவு பெரிசா இருப்பாங்க?" என்று கேட்டேன்.

"சின்னதா இருப்பாங்க."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. விளையாட்டுப் பொம்மைக்கு அளவு எடுத்துத்தான் வெட்டினோம்."

"சட்டை எப்படி இருக்கணும்னு அங்கே யாரையாவது கேட்டீங்களா?"

நிவேதிதா அக்கா மேக்ஸ்வெல் அண்ணாவைப் பார்த்தார். அவர் சுலோசனா அக்காவைப் பார்த்தார். முப்பது சட்டை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். என்று தருவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். எப்படித் தைக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

"வார்டு நர்ஸ் நம்பர் இருக்கு. இப்பவே கேட்டுடலாம்" என்று நிவேதிதா அக்கா போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"பட்டன் வேண்டாம்மா, நாடா வைங்க" என்றது நர்ஸின் குரல். "முன்பக்கம் முழுசாத் திறக்கணும். பழைய பருத்தித் துணின்னா ரொம்ப நல்லது. முக்கியமா, தையல் எல்லாம் வெளிப்பக்கம் வரணும். உள்ளே இருந்தா தோல் உரிஞ்சிடும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

போன் நின்றது. மழைகூட அந்த நேரம் நின்றிருந்தது என்றுதான் என் நினைவு.

பைக்குள் பதினான்கு வெள்ளைச் சட்டைகள். நாடா வைத்தவை. தையல் வெளியே தெரிபவை.

"அதுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றார் சுலோசனா அக்கா.

நிவேதிதா அக்கா என்னைப் பார்த்தார். "ஷைலா, உனக்கு எப்படிடி இதைக் கேட்கத் தோணிச்சு?"

"தோணிச்சுக்கா" என்றேன். அது பொய் இல்லை.

சுலோசனா அக்காதான் முதலில் எழுந்தார். பைக்குள் கையை விட்டு ஒரு சட்டையை எடுத்தார். விரல் நுனியால் அல்ல, முழுக் கையால். மடித்துக் கூடையில் வைத்தார். பிறகு தன் பூப்போட்ட சட்டையை எடுத்து, தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"அப்போ ஏரி?" என்றார் மேக்ஸ்வெல் அண்ணா.

"ஏரியில உன்னைப் போடறோம். உட்கார்ந்து பிரி."

பூட்டை மாற்றவில்லை. அன்று மாலை கிளம்பும்போது நிவேதிதா அக்கா ஓர் ஊசியில் நூல் கோத்து மேசைமேல் வைத்தார். மேக்ஸ்வெல் அண்ணா பக்கத்தில் ஒரு கடலை மிட்டாய் வைத்தார். மறுநாள் சட்டை இருந்தது. கடலை மிட்டாய் இல்லை.

"சாப்பிடுதுடா!" என்று அவர் அலறியபோது, வெளியே தண்ணீர் கேனோடு போய்க்கொண்டிருந்த பால்ராஜ் அண்ணாவுக்கு ஏனோ பலமாக இருமல் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மன்றத்தினர் எல்லாச் சட்டைகளையும் வார்டில் கொடுத்தார்கள். அதன் பிறகும் தினம் ஒன்று வந்தது. டிசம்பர் நடுவில் ஒரு நாள் வரவில்லை. எல்லோரும் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுலோசனா அக்கா அழுதேவிட்டார்.

அப்போது கதவில் பால்ராஜ் அண்ணா நின்றார். ஒரு கையில் இனிப்பு டப்பா. இன்னொரு கையில் கைப்பேசி. அதில் ஒரு குழந்தையின் படம். குழந்தையின் மேல் பூப்போட்ட சட்டை, தையல் வெளியே தெரிய.

"ஊட்டுக்கு வந்துட்டா" என்றார். "உங்க சட்டைதான். நர்ஸம்மா போட்டு அனுப்பினாங்க."

பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார்.

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. நிவேதிதா அக்கா திருப்பூரில் வேலை செய்கிறார். சுலோசனா அக்கா கல்யாணமாகி ஆவடியில் இருக்கிறார். இன்னமும் பல்லியைக் கண்டால் ஓடுகிறார். மேக்ஸ்வெல் அண்ணா அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மன்றத்தில் இப்போது பன்னிரண்டு பேர். அம்மா அதே நூலகத்தில். நான் ஏழாம் வகுப்பு. பால்ராஜ் அண்ணாவின் மகள் பெயர் ஜெனிபர். அவளுக்குச் சட்டை போடவே பிடிக்காது. கழற்றி எறிந்துவிட்டுத் தெருவில் ஓடுவாள், பால்ராஜ் அண்ணா பின்னாலேயே ஓடுவார்.