புகைச் சாராயம்

மாரீஸ்வரன் கண்விழித்தபோது வீட்டுக்குள் மூடுபனி மஞ்சாக இறங்கியிருந்தது. போடிமெட்டுச் சரிவில், ஏலத்தோட்டத்துக் கூலியாட்களின் வரிசைவீடான லயத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மஞ்சு புதிதில்லை. அது கதவிடுக்கில் ஈரவாடையோடு நுழையும், போர்வையை நனைக்கும், தொண்டையைக் கரகரக்க வைக்கும். இதுவோ குளிரும் இல்லாமல் வாடையும் இல்லாமல், வெறும் வெள்ளையாக முகத்துக்கு முன்னால் நின்றது. அடுப்பில் சுள்ளி வெடிக்கும் சத்தம் கேட்டது. வெளியே ஆளேற்றும் ஜீப்பு நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

"பானு, கதவச் சாத்து. மஞ்சு உள்ள வருது."

"மஞ்சா?" மனைவி பானுப்பிரியா அடுப்படியிலிருந்து கேட்டாள். "வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. வெரசா எந்திரிங்க."

தன் முழங்காலை வெயில் சுடுவதை அப்போதுதான் உணர்ந்தான்.

எழுந்தான். மேடேறியவன்போல மூச்சு வாங்கியது. அவன் சோலி பார்க்கும் ஆலையில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகையைக் குழாயில் பிடித்து, அதிலுள்ள கரியமில வாயுவை மெத்தனால் என்ற எரிசாராயமாக்குகிறார்கள். வண்டிக்கு ஊற்றத்தான், வாயில் வைக்கக்கூடாது என்று இஞ்சினியர் சொல்லியிருந்தார். நேற்று மதியம் அக்கா மகள் சடங்குக்கு ஒரு கேன் கொண்டுபோனான். ஜீப்பு ஓட்டும் அக்கா புருஷன் ஒச்சப்பன்தான் முதலில் குடித்துப் பார்த்தார். லேசாக இனித்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவனும் லயத்து ஆம்பளைகள் அத்தனை பேரும் குடித்தார்கள்.

கையைக் கண்ணெதிரே நீட்டினான். வெள்ளை.

"பானு. எங்க நிக்கிற?"

"என்னங்க கேக்குறீங்க?" அவள் மூச்சு அவன் கன்னத்தில் பட்டது. "ஒங்க மூஞ்சிக்கு நேராத்தான நிக்கிறேன்."

வளையல் குலுங்கியது. கண்ணுக்கு மிக அருகில். மறுபடியும். பிறகு அவள் அழத் தொடங்கினாள்.

அவன் தோளைப் பிடித்து வெளியே நடத்தினாள். ஜீப்பின் சூடான தகரம் கையில் தட்டுப்பட்டது.

"மச்சான், போடி ஆசுபத்திரிக்கு வண்டிய எடுங்க" என்றான் மாரீஸ்வரன்.

ஸ்டியரிங் பக்கமிருந்து ஒச்சப்பன் குரல் குழறலாக வந்தது. "இரு மாப்ளே. ரோட்டக் காணோம். மஞ்சு போகட்டும்னுதான் நானும் உக்காந்திருக்கேன்."

லயத்தில் ஒரு கதவு திறந்தது.

"ஆத்தா, லைட்டப் போடு."

இன்னொரு கதவு.

"என்ன இம்புட்டு மஞ்சு?"

அடுத்த கதவு. அடுத்தது.

உள்ளங்கைகள் உரசும் சத்தம். சுவரைத் தடவித் தடவி. அவனை நோக்கி.