சிரிப்புப் படத்தில் அழுதவன்

“கொஞ்சம் சத்தம் கம்மியா அழுவுறீங்களா? எங்களுக்குப் படம் கேக்க மாட்டேங்குது!”

சொல்லிவிட்டு கவியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின்னே? ஓடிக்கொண்டிருந்தது சோகப் படமா என்ன? ஹிந்தியில் சக்கைப்போடு போட்ட காதல் காமெடி ஒன்றின் இரண்டாம் பாகம். திருப்பத்தூர் தியேட்டரில் மதியக் காட்சி மட்டும் போட்டிருந்தார்கள். வந்தவர்களில் ஹிந்தி தெரிந்தவர்கள் எத்தனை பேரோ... கதாநாயகனின் அம்மா ஃபோனில் மகனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்ததற்கு மொழியே தேவைப்படவில்லை. தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. இந்தப் பக்கம் தோழி பூஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தப் பக்கத்து சீட்டிலோ ஒருவன் விசும்பி விசும்பி அழுகிறான்!

அவன் திரும்பினான். திரையின் வெளிச்சம் ஒரு கணம் அவன் முகத்தில் விழுந்து போனது. நனைந்த பெரிய கண்கள்... ஆம்பிளைக்கு இவ்வளவு பெரிய கண் எதற்கு என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

“மன்னிச்சிக்கோங்க...” என்றான். கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். அதன் பிறகு சத்தமே இல்லை. தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

அதோடு விட்டிருக்கலாம். விட்டாளா அவள்?

படம் முடிந்து வெளியே வந்தபோது தியேட்டர் வாசலில் ஒரு யூடியூப் சேனல்காரர் மைக்கோடு நின்று வருகிறவர்களையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டியை எடுப்பதற்காகத் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக் கட்டியிருந்தாள் கவியா. கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. மை தீட்டிய, துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்காத கண்கள். முகம் மூடியிருந்தால் வாய்க்குத் தைரியம் வந்துவிடுகிறது போலும்.

“படம் எப்டி இருக்குது சிஸ்டர்?”

“படத்த வுடுங்க! எம் பக்கத்து சீட்ல ஒரு படம் ஓடிச்சு பாருங்க... அதான் சூப்பர் ஹிட்டு! அம்மா திட்டற காமெடி சீனுக்கு ஒர்த்தரு தேம்பித் தேம்பி அழுவுறாரு... இப்டி!” அவனைப் போலவே மூக்கை உறிஞ்சி, தோளைக் குலுக்கி நடித்துக் காட்டினாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டது. “அதோ வர்றாரு பாருங்க... புளூ சட்டை!”

கேமரா சட்டென்று திரும்பியது. படியில் இறங்கிக்கொண்டிருந்தவன் திகைத்து நின்றான். சிவந்த கண்களைக் கையால் மறைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நழுவி, மழைக்குள் இறங்கி வேகமாய் நடந்து போய்விட்டான்.

‘காமெடிக்கு அழுத அண்ணன்’ என்று தலைப்பு வைத்து அதைப் போட்டார்கள். ஒரே வாரத்தில் மாவட்டம் முழுக்கச் சுற்றியது. கல்யாண மண்டபத்தில், டீக்கடையில், பஸ்ஸில்... எங்கும் அந்த விசும்பல்தான். கவியாவும்தான் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். ‘பேசறது யாருன்னு கண்டுபுடி பாக்கலாம்’ என்று சேர்த்து வேறு!

*

இரண்டு மாதம் கழித்து அவளுக்கு வேலை வந்தது. ஜமுனாமரத்தூர் தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர். முதல் நாள் காலை, நல்ல மழை. ஆலங்காயம் தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியபோது கவியா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துகொண்டிருந்தாள்.

“இங்க உக்காருங்க. ஜன்னல் ஒழுவுது... நான் அந்தாண்ட நகந்துக்கறேன்.”

திரும்பினாள். அதே பெரிய கண்கள்... புளூ சட்டைக்காரன்!

முந்தின நாள் திருப்பத்தூரில் வாங்கிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்றை மடியில் வைத்திருந்தான். ஒழுகுகிற ஜன்னலுக்குத் தன் தோளைக் கொடுத்துவிட்டு அவளுக்கு நனையாத இடத்தை விட்டான். பேர் வேடியப்பன் என்றான். ஜமுனாமரத்தூரில் மோட்டார் ரிப்பேர் கடை, வீடு போகிற வழியில் காவலூரில்.

“வேடியப்பனா? எங்க தாத்தா காலத்துப் பேரு!” பயத்தை மறைக்கத்தான் வாயாடினாள்.

“சாமி பேருங்க. அம்மா வேண்டிக்கினு வெச்சது. ஆறு வருசம் மத்தியப் பிரதேசத்துல போர்வெல் போடற லாரியில வேலை செஞ்சேன். அங்க ஒர்த்தனுக்கும் வாயில நுழையாது. ‘வேடி’ன்னே கூப்புடுவானுங்க... பட்டாசு மாதிரி.”

சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, அவள் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“உங்கள எங்கியோ பாத்த மாதிரி இருக்குதே...”

“என்னையா? வாய்ப்பே இல்லீங்க!”

எவ்வளவு சுலபமாய் வந்துவிட்டது அந்தப் பொய்... “ஓ” என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதன் பிறகு மாலை பஸ்ஸில் தினமும் அவன் இருந்தான். ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் வரைக்கும் பேச்சுதான். நனைந்த மரங்களின் வாசனை உள்ளே வரும். மேகம் ரோட்டிலேயே வந்து படுத்துக்கொள்ளும். அவன் ஹிந்தியில் நாலு வார்த்தை சொல்லித் தருவான், அவள் வேண்டுமென்றே தப்பாய்ச் சொல்வாள்.

“இன்னாங்க இது... நீங்க பேசற ஹிந்திக்கு அந்த ஊர்ல தண்ணிகூட குடுக்க மாட்டாங்க!”

“நீங்கதான் போர் போடறவராச்சே. தோண்டிக் குடுங்க!”

ஒருவனோடு இப்படிச் சிரிப்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. அவன் காவலூரில் இறங்கிப் போனதும்தான் நெஞ்சில் அந்த முள் குத்த ஆரம்பிக்கும். சொல்லிவிட வேண்டும்... நாளைக்குச் சொல்லிவிடலாம். ஒரு நாள் அவனே, “படமெல்லாம் பாப்பீங்களா?” என்று கேட்டான். வாசல் கதவையே திறந்துவிட்ட மாதிரி ஒரு கேள்வி. “எனக்கு சினிமாவே புடிக்காதுங்க” என்று அதை இழுத்துச் சாத்தினாள் அவள்.

சொன்னால் என்ன ஆகிவிடும்? இந்தப் பேச்சு நின்றுவிடும். இந்தக் கண்கள் தன்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். போயும் போயும், தான் மட்டமானவள் என்று இவன் முன்னால் ஒப்புக்கொள்வதா... கர்வமும் பயமும் கைகோத்துக்கொண்டு அவள் வாயை அடைத்தன.

ஆபீஸில் பக்கத்து மேஜை சகுந்தலா அக்கா ஒரு நாள் சாதாரணமாய்ச் சொன்னாள்: “நல்ல புள்ளம்மா வேடியப்பன். அந்த வீடியோவால பாவம், முடிவாகியிருந்த சம்பந்தம் நின்னு போச்சு. ‘காமெடிக்கு அழுவுற ஆம்பளைக்கு எம் பொண்ண எப்டிக் குடுப்பேன்’னு பொண்ணு வூட்ல சொல்லிட்டாங்களாம். சினிமா தியேட்டர் பக்கமே போறதில்லயாம் இப்ப.”

கவியாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தான் செய்த வேலைக்கு இவ்வளவு பெரிய விலை என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ‘இன்னிக்கே சொல்லிடணும்’ என்று தீர்மானித்தாள். மாலை பஸ்ஸில் அவன் தன் கடையில் குட்டி போட்டிருந்த பூனையைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை அவளுக்கு. அப்படித்தான் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

*

ஆபீஸ் போர் மோட்டார் பழுதானது. வேடியப்பனைத்தான் கூப்பிட்டார்கள். வேலையை முடித்துக் கை துடைத்துக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றபோது, ஆபீஸில் வெட்டிப் பேச்சுக்கென்றே பிறந்த சக ஊழியன் அருள் ஃபோனைத் தூக்கிப் பிடித்தான்.

“எல்லாரும் இங்க பாருங்க... நம்ம ஹீரோ! காமெடிக்கு அழுத அண்ணன்!”

ஃபோனிலிருந்து அவள் குரல்... அவளுடைய குரலேதான், அறை முழுக்கக் கேட்டது. ‘தேம்பித் தேம்பி அழுவுறாரு... இப்டி!’ அந்த நடிப்பு விசும்பல். நாலைந்து பேர் கொல்லென்று சிரித்தார்கள். “யாருடா இந்தப் பொண்ணு, இன்னா நடிப்பு!” என்றார் ஒருவர்.

வேடியப்பன் யாரையும் பார்க்கவில்லை. கவியாவை மட்டும் பார்த்தான்.

எழுந்து நின்று ‘போதும் நிறுத்துங்க’ என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை போதும். தொண்டை வரைக்கும் வந்தது. பேசினால் குரல் தெரிந்துவிடுமே! அவள் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் கிடந்த ஃபைலைப் புரட்டினாள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை.

அன்று மாலை பஸ்ஸில் அவன் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாட்களிலும் இல்லை. கடை மூடிக் கிடந்தது. பக்கத்துக் கடையில் கேட்டால், “சொந்த வேலையா ஊர்ல இருக்கறாரு” என்றார்கள். பக்கத்து சீட்டு காலியாய் வரும். யாராவது உட்கார வந்தால் ‘ஆள் வர்றாங்க’ என்று சொல்லத் தோன்றும். வர மாட்டான் என்று தெரிந்தும்... காதல் என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு அந்தக் காலி சீட்டு தேவைப்பட்டது.

*

வாரச் சந்தை நாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தவள் எதிரே அவன் கடை திறந்திருப்பதைப் பார்த்தாள். கையிலிருந்த குடையை விரிக்க மறந்து போய் நனைந்துகொண்டே ஓடினாள்.

“என்னங்க... இப்டி நனஞ்சிட்டு வர்றீங்க?” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான் வேடியப்பன். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதைதான் அவளை என்னவோ செய்தது.

உட்காரவில்லை. “அந்த வீடியோவுல பேசினது... நாந்தாங்க.”

வேடியப்பன் ஸ்டூலைத் துணியால் துடைத்தான்.

“தெரியுங்க,” என்றான்.

“எ... எப்பத்துலேர்ந்து?”

“மொத நாள் பஸ்ஸுலயே. மூஞ்சிய மூடிக்கினு இருந்தாலும் கண்ணு அதே கண்ணுதான? எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுன்னு அதுக்குத்தான் கேட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

“அப்பவே என்னைத் திட்டியிருக்கலாமே! நீதானேன்னு கேட்டிருக்கலாமே...”

“அத நான் கேட்டா வாங்கணும்?” அவன் குரலில் கோபம் இல்லை. “நீங்க சிரிச்சதுக்கு நான் வருத்தப்படலங்க. ஏதோ வெளையாட்டா பேசிட்டீங்க... போவுது. அன்னிக்கு ஆபீஸ்ல உங்களப் பாத்தேன். நாந்தான் பேசினேன்னு நீங்க சொல்ல வேணாம். நிறுத்துங்கன்னு மட்டும் சொல்வீங்கன்னு நின்னேன். நீங்க குனிஞ்சிக்கினீங்க.”

அவளுக்குக் கண்ணை முட்டிக்கொண்டு வந்தது. இடுக்கியை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே அவன் தொடர்ந்தான்.

“அன்னிக்கு ராத்திரியே மாமா ஒரு எடம் சொன்னாரு. இத்தினி நாளா தட்டிக் கழிச்சிக்கினு இருந்தவன் சரின்னுட்டேன். போன வெள்ளிக்கிழம தட்டு மாத்திட்டாங்க. செங்கம் பக்கம் பொண்ணு.”

கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள் கவியா.

“அதுவும் வீடியோவப் பாத்திருக்குது. பொண்ணு பாக்கப் போனப்ப எல்லார் முன்னாடியும் நேரா கேட்டுது... ‘ஏங்க அழுதீங்க?’ன்னு. எவ்ளோ பேரு பாத்தாங்க அத... அது ஒண்ணுதாங்க என்னக் கேட்டுது.”

எத்தனை மாலைகள்! தோளோடு தோள் இடிக்கிற சீட்டில் உட்கார்ந்து எதையெதையோ கேட்டாளே... இதைக் கேட்டாளா? கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று தன்னையே காப்பாற்றிக்கொண்டிருந்தாளே தவிர, அவன் ஏன் அழுதான் என்று ஒரு தடவையாவது நினைத்தாளா?

“ஏன்... ஏன் அழுதீங்க?” குரல் உடைந்தது.

“எங்கம்மா அப்டித்தாங்க. நான் வெளியூர்ல இருக்கறப்ப போன எடுத்தா மொதல்ல திட்டு, திட்டி முடிச்சிட்டுத்தான் சாப்ட்டியாடான்னு கேக்கும். அது செத்துப் போனப்ப நான் ரயில்ல வந்துக்கினு இருந்தேன். பாடை எடுக்கறதுக்குள்ள வந்து சேர முடில. அந்தப் படத்துல அந்த அம்மா திட்டறப்ப... எனக்கே போன் வந்த மாதிரி இருந்துது. அவ்ளோதான்.”

கவியா வாய்விட்டு அழுதாள். சந்தைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்... ரோட்டில் திருப்பத்தூர் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

“உங்க பஸ் வந்துட்டுது,” என்றான் மெதுவாய்.

வாசல் வரை போனவள் நின்றாள். இப்போதும் பேசாமல் போய்விட்டால் அன்று ஃபைலைப் புரட்டியவளுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? திரும்பி அவன் கண்களை நேராய்ப் பார்த்தாள்.

“எனக்கு உங்களப் புடிச்சிருக்குதுங்க... ரொம்பப் புடிச்சிருக்குது. இதுக்கு நீங்க பதில் சொல்ல வேணாம். கல்யாணத்த நிறுத்துங்கன்னும் கேக்க மாட்டேன். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு... என்னவிட நல்ல பொண்ணு. ஆனா இதையும் சொல்லாம மறச்சிட்டேன்னு இருக்கக் கூடாது.”

வேடியப்பன் இடுக்கியைக் கீழே வைத்தான்.

“எனக்கும்தாங்க...” என்றான். “தெனமும் பஸ்ல வர்றப்ப... காவலூர் சீக்கிரம் வந்துடக் கூடாதுன்னு நெனச்சிக்கினே வருவேன்.”

கண்டக்டர் விசில் ஊதினார். கவியா மழையில் இறங்கி ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்... அவன் வரவில்லை.